மாத்திரைப் பையோடு சந்தைப் பேச்சும் போகட்டும்

மக்களைத் தேடி மருத்துவப் பணியில் வீடுவீடாகச் செல்லும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புச் சகோதரிகளே,

உங்களிடம் ஒரு வேலை கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். ஏற்கெனவே உங்கள் தோளில் இருக்கும் பாரம் எனக்குத் தெரியாததல்ல. மாத்திரைப் பை, பிரஷர் பார்க்கும் கருவி, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சுகர் பார்க்கும் பெட்டி, அதற்கு மேல் போனில் ஏற்ற வேண்டிய விவரங்கள். சந்து சந்தாக நடக்கிறீர்கள். மாடிப்படி ஏறி இறங்குகிறீர்கள். பூட்டிக் கிடந்த வீட்டுக்கு மறுநாளும் போய் நிற்கிறீர்கள். உங்களுக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை இந்த உழைப்புக்கு ஈடாகாது என்பதே என் எண்ணம். இருந்தும் உங்களிடமே கேட்கிறேன். சுகர், பிரஷர் நோயாளிகளின் வீட்டு வாசலில் நின்று, உரிமையோடு அடுப்படியை எட்டிப் பார்த்து, "என்னம்மா சமைச்சீங்க?" என்று கேட்கக்கூடியவர்கள் நீங்கள். டாக்டர் அம்மாவுக்கு அந்த அடுப்படி தெரியாது. நான் வேலை பார்த்த வேளாண்மைத் துறைக்கும் தெரியாது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் உங்கள் திட்டம் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டில் தமிழ்நாடு முழுக்க எடுக்கப்பட்ட, தொற்றா நோய்களைப் பற்றிய ஸ்டெப்ஸ் ஆய்வு வருத்தம் தரும் ஒரு செய்தியைச் சொன்னது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம் பேருக்கு. 2023-24இல் நடந்த அடுத்த சுற்றில் இரண்டும் 17 சதவீதத்தை ஒட்டி உயர்ந்தன. நீங்கள் ஏறி இறங்கிய படிகளுக்கு அந்த ஏற்றத்தில் பங்கு உண்டு. ஆனாலும் நூற்றில் எண்பது பேருக்கு மேல் இன்னும் கட்டுக்குள் வரவில்லை. மாத்திரை வீடு தேடி வருகிறது, வேளை தவறாமல் விழுங்கவும் செய்கிறார்கள், அப்படியும் சுகர் இறங்காத வீடுகள் உங்கள் நோட்டில் எத்தனை இருக்கும்? அந்த வீடுகளில் தட்டில் என்ன விழுகிறது என்பதுதான் என் கவலை.

நான் உதவி வேளாண்மை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தின் பிற்பகுதி மதுரைப் பக்கத்து உழவர் சந்தைகளில் கழிந்தது. அங்கே நின்று பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகப் பட்டது. மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோகும் ஏற்பாட்டையும், காய்கறியை வயலிலிருந்து நகரத்துக்குக் கொண்டுவரும் ஏற்பாட்டையும் இந்த மாநிலம் நன்றாகவே கட்டி வைத்திருக்கிறது. ஆனால் ஒரே ஊரில் இருந்தும் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. சுகாதாரத் துறைக்குச் சந்தை ஒரு வியாபார இடம். எங்களுக்கோ நோயாளி என்பவர் வேறொரு துறையின் ஆள். இரண்டையும் சேர்த்து வைக்க உங்களால் முடியும்.

உழவர் சந்தையின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தையை அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி திறந்து வைத்தார். பஞ்சாபின் அப்னி மண்டியும் ஆந்திரத்தின் ரைத்து பஜாரும் அதற்கு முன்னோடிகள். ஆட்சி மாறிய பின் சில ஆண்டுகள் பல சந்தைகள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 2006க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது. நடைமுறை எளிமையானது. தன் நிலத்தில் தானே விளைவிக்கிறார் என்று சரிபார்த்து விவசாயிக்கு அடையாள அட்டை கொடுக்கிறார்கள். கடைக்கு வாடகை இல்லை, தராசு சந்தையே தருகிறது, காய்கறி மூட்டைக்கு அரசுப் பேருந்தில் சுமைக் கட்டணம் கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்த வேலை விலை நிர்ணயம்தான். இருட்டு விலகும் முன்பே மாட்டுத்தாவணி போன்ற மொத்த மார்க்கெட்டின் அன்றைய விலையைக் கேட்டு வாங்கி, விவசாயிகளையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு காய்க்கும் விலை எழுதுவோம். மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதல், வெளியே சில்லறைக் கடை விலையைவிட 15 சதவீதம் குறைவு என்பது கணக்கு. அதைப் பலகையில் எல்லோர் கண்ணுக்கும் படும்படி எழுதி வைப்போம். பலகை விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் புகார் சொல்லலாம். மதுரைப் பக்கம் வாடிப்பட்டி, மேலூர், அலங்காநல்லூரிலிருந்து முந்தின நாள் சாயங்காலம் பறித்த காய் மறுநாள் விடியும்போது சந்தையில் இருக்கும். கீரைக்கு இந்த நேரக் கணக்கு ரொம்ப முக்கியம். பறித்த கீரை வெயிலில் கிடந்து வாட வாட அதிலுள்ள வைட்டமின் சி குறைந்துகொண்டே போகும். மூன்று கை மாறி வரும் கட்டுக்கும், அறுத்தவரே கொண்டுவந்து வைக்கும் கட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இவ்வளவு இருந்தும், சந்தைக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்தால் மனம் கனக்கிறது. டூ வீலரில் வருகிற ஓய்வூதியக்காரர்கள், நடைப்பயிற்சி முடித்துவிட்டு வரும் அலுவலகக்காரர்கள், வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறவர்கள். ஒரே நடையில் ஒரு வாரத்துக்கான காய்களை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். வரட்டும், அவர்களும் மக்கள்தான். ஆனால் நீங்கள் போகிற வீடுகளின் பெண்கள் அங்கே மிகக் குறைவு. சந்தை மும்முரமாக நடக்கும் ஆறிலிருந்து எட்டு மணி வரைதான் அவர்கள் தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைக் கிளப்பி, டிபன் கட்டி, வீட்டு வேலைக்கோ மில்லுக்கோ நூறு நாள் வேலைக்கோ ஓடுகிற நேரம். அவர்கள் காய் வாங்குவது சாயங்காலம், அன்றைய கூலி கையில் வந்த பிறகு, தெருமுனைத் தள்ளுவண்டியில், பத்து இருபது ரூபாய்க் கூறாக. அந்த வண்டிக்காரரும் கடன் சொன்னால் கொடுக்கிறவர், இவர்கள் நிலைமை தெரிந்தவர். அவரை விட்டுவிட்டு வாருங்கள் என்று நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் சந்தைக்கும் மற்ற நாள் வண்டிக்கும் என்று வைத்துக்கொண்டால் இருவர் வயிற்றிலும் அடி விழாது.

அந்த இரண்டு நாளுக்கு வழி என்ன என்பதில்தான் உங்கள் சாமர்த்தியம் தேவைப்படுகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நாலு ஸ்டாப் தள்ளியிருக்கும் சந்தைக்குப் போய் வர இப்போது காசு ஆகாது. இதை யாரும் அந்தக் கோணத்தில் சொல்லிக் கேட்டதில்லை. உங்களில் பலர் மகளிர் குழுவிலிருந்து வந்தவர்கள். முறை வைத்துச் செய்வது உங்களுக்குக் கை வந்த கலை. ஒரு தெருவில் ஐந்தாறு வீடுகள் சேர்ந்து, வாரம் ஒருவராக முறை எடுத்து, எல்லோருக்கும் சேர்த்து வாங்கி வந்து பிரித்துக்கொள்ளலாம். மொத்தமாக வாங்கும்போது விவசாயியும் கை தாராளமாக நிறுத்துப் போடுவார். சந்தை முடியும் நேரத்தில் போனால், திருப்பி எடுத்துப் போக மனமில்லாமல் கட்டுக் கீரையைப் பாதிக்குக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சில ஊர்களில் சாயங்காலமும் சந்தை நடக்கத் தொடங்கியிருக்கிறது; அங்கே சிறுதானியம், பருப்பு வகைகளையும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் கொண்டுவருகின்றன. உங்கள் ஊரில் உண்டா என்று விசாரித்து, நேரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மாத்திரை அட்டையோடு கொடுத்துவிடுங்கள். மாத்திரை வைக்கும் இடத்தில் அந்தச் சீட்டும் இருக்கும்.

அடுத்தது, வீட்டுக்குள் என்ன பேசுவது. "காய்கறி நிறையச் சாப்பிடுங்கம்மா" என்று சொல்லி ஒரு பயனும் இல்லை. "சாப்பிடுறோமே" என்றுதான் பதில் வரும், அவர்கள் பொய்யும் சொல்லவில்லை. சாம்பாரில் மூன்று துண்டு கத்தரிக்காய் கிடந்தால் அது காய் சாப்பிட்டதாகத்தான் நம் கணக்கில் சேருகிறது. "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க? அதுக்கு முந்தின ராத்திரி?" என்று கேளுங்கள். தோசை, தக்காளிச் சட்னி, மீந்த சோறு, ஊறுகாய், உப்புமா, சீனி. உண்மை அங்கேதான் வெளியே வரும். மதியம் ஏதோ ஒரு பொரியல் இருக்கும் வீட்டிலும் ராத்திரித் தட்டில் காய் இருக்காது. ராத்திரிக்கு ஒரு காய் என்று அந்த ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லிப் பாருங்கள். பத்து அறிவுரை சொன்னால் ஒன்றும் நிற்காது.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரை சேர்த்து 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்குக் காய் மட்டும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். இந்த எண்ணைப் போய் அந்த வீட்டில் சொன்னால் மிரண்டுவிடுவார்கள், அது நியாயமும்கூட. 2011 ஜூனிலிருந்து நம் ரேஷனில் அரிசி இலவசம். பசியைப் போக்கிய அரிசி அது, அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அரிசி சும்மா கிடைத்து, காய் காசு கேட்கும் வீட்டில் சோறு மலையாகவும் காய் தொட்டுக்கொள்ளும் அளவாகவும் ஆவது இயல்பு. வெள்ளை அரிசி அதிகம் சேரச் சேரச் சர்க்கரை நோயும் அதிகமாகக் காணப்படுவதைச் சென்னையில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாநிலத்தில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. ஆகவே அவர்களிடம் கிராம் கணக்கைப் பேசாதீர்கள். தட்டைக் காட்டிச் சொல்லுங்கள்: பாதித் தட்டு காய், கால் தட்டு சோறு, கால் தட்டு பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ. முதலில் காயில் கை வையுங்கள், பிறகு சோற்றுக்குப் போங்கள். உருளைக்கிழங்கும் மரவள்ளியும் காயோடு சேர்த்தியில்லை, அவை சோற்றின் பக்கம்.

எந்தக் காய் என்று பெயர் சொல்லிப் பேசுங்கள். பலகையில் எப்போதும் கீழ் வரிசையில் மலிவாகக் கிடக்கிற காய்கள் சில உண்டு. கொத்தவரங்காய், சுரைக்காய், புடலை, வெள்ளைப்பூசணி, பீர்க்கங்காய், முள்ளங்கி. கேரட், பீன்ஸ், காலிஃபிளவர் என்று கேட்கிற கூட்டம் இவற்றைக் கடந்து போய்விடும். நார்ச்சத்தும் நீரும் மிகுந்து மாவுச்சத்துக் குறைந்த இந்தக் காய்கள்தாம் சுகர்காரர்களுக்கு வயிறு நிறையச் சாப்பிடத் தோதானவை. கொத்தவரை விதையில் உள்ள பிசின் போன்ற நார், சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாமல் தடுப்பது நன்கு அறியப்பட்டது. ஊரில் சீந்துவாரில்லாத காய்தான் நோயாளிக்கு உகந்த காய் என்று நான் அடித்துச் சொல்வேன். பலருக்குச் சமைக்கத் தெரியவில்லை என்பதும் ஒரு காரணம். கொத்தவரையைப் பருப்பு உசிலியாகவோ தேங்காய்த் துருவல் போட்ட பொரியலாகவோ, வெள்ளைப்பூசணியை மோர்க்குழம்பாகவோ, முள்ளங்கியை இலையோடு கூட்டாகவோ செய்வதைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடமே கேட்டு இளம் பெண்களுக்குச் சொல்லுங்கள். வாழைப்பூவை ஆய நேரமில்லை என்பார்கள். சந்தையில் சில பெண்கள் ஆய்ந்து வைத்தே விற்கிறார்கள்.

பருவத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மார்கழி, தையில் அவரையும் மொச்சையும் குவியும். அந்தச் சமயம் முருங்கைக்காய் எட்டாத விலையில் இருக்கும். பங்குனி தாண்டினால் முருங்கை சரசரவென்று இறங்கிவிடும். விலை விழுகிற காய் விவசாயிக்கு வேதனை. தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போன நாட்களைப் பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாட்களில் நீங்கள் போகிற நூறு வீடுகளுக்கு "இன்னைக்குச் சந்தையில தக்காளி சும்மா கிடக்கு, போய் அள்ளிக்கிட்டு வாங்க" என்ற செய்தி எட்டினால், ஒரு குடும்பத்தின் தட்டும் நிறையும், இன்னொரு குடும்பத்தின் கண்ணீரும் குறையும்.

கீரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுவரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 55 சதவீதம். இடைப்பட்ட ஆண்டுகளில் அவ்வளவுதான் இறங்கியது. அதே கணக்கெடுப்பில் 40.4 சதவீதம் பெண்கள் உடல் பருமனோ அதிக எடையோ கொண்டவர்கள். வயிறு நிறைகிறது, ரத்தம் ஊறவில்லை. இரண்டு நோயும் ஒரே தட்டிலிருந்து வருகின்றன. சுகர் பார்க்கப் போகிற வீட்டில் அம்மாவுக்குச் சுகர், மகளுக்கு ரத்தசோகை என்று இருப்பதை நீங்களே எத்தனையோ முறை கண்டிருப்பீர்கள்.

உழவர் சந்தையின் கீரை வரிசை, அநேகமாகப் பெண்களே உட்கார்ந்திருக்கும் வரிசை. அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, புளிச்சக்கீரை, அகத்தி, முருங்கை. கிலோ கணக்கில்லை, கட்டுதான். ஒரு கட்டில் ஒரு குடும்பம் சாப்பிடலாம். இதைச் சொல்லும்போது இன்னும் இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதிப் பலன் போய்விடும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடலில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாறாக, எலுமிச்சை பிழிந்தாலோ, ஒரு துண்டு நெல்லிக்காயோ கொய்யாவோ கடித்தாலோ அதே இரும்பு கூடுதலாகச் சேரும். ரத்தசோகைக்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரைக்கும் இது பொருந்தும். கீரையை அலசிவிட்டு நறுக்க வேண்டும், நறுக்கிவிட்டு அலசக் கூடாது. வேகவைத்த தண்ணீரைக் கீழே கொட்டக் கூடாது. இவையெல்லாம் நம் பாட்டிமாருக்குத் தெரிந்தவை, நடுவில் எங்கோ அறுந்துவிட்டன.

பிரஷர் உள்ள வீடுகளில் உப்பைப் பற்றிப் பேசுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி, எல்லா உணவிலும் சேர்த்து. காய் இல்லாத தட்டில் அந்த இடத்தை ஊறுகாயும் அப்பளமும் வத்தலும் கருவாடும் பிடித்துக்கொள்கின்றன. நல்ல காய்ப் பொரியல் ஒன்று வந்தால் ஊறுகாய் தானாகப் பின்வாங்கும். விலை மலிந்த நாளில் வாங்கிய சுண்டைக்காயையும் மணத்தக்காளியையும் கத்தரியையும் வத்தல் போடுகிறவர்களிடம் உப்பு சேர்க்காமல் காய வைக்கச் சொல்லுங்கள்.

இனி எச்சரிக்கை. இந்த மடலில் மற்ற எதை மறந்தாலும் இந்தப் பத்தியை மறந்துவிடாதீர்கள். பாகற்காய்ச் சாறு குடித்தால் சுகர் மாத்திரை தேவையில்லை, வாழைத்தண்டுச் சாறு பிரஷரைப் போக்கிவிடும் என்று சொல்லித் திரிகிறவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். சந்தைக்குள்ளேயே சில வேளை அப்படிப் பேச்சு அடிபடும். காய்கறி உணவு, மாத்திரை மருந்து. ஒன்று இருப்பதால் மற்றதை நிறுத்தக் கூடாது. மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ டாக்டர் மட்டுமே சொல்லலாம். அடுத்து, சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள். வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கும் உங்கள் திட்டத்தில்தான் பை போகிறது. நாம் நல்லது என்று சொல்லும் கீரையிலும் பழத்திலும் இளநீரிலும் இருக்கும் பொட்டாசியம் பிரஷர்காரருக்கு உதவும். சிறுநீரகம் கெட்டவருக்கோ அது உடலில் தேங்கி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். அந்த வீடுகளில் காய்கறிப் பேச்சை எடுக்காதீர்கள், டாக்டர் எழுதிக் கொடுத்ததே அவர்களுக்கு வேதம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் வகை மாத்திரை எடுப்பவர்களும் திடீரென்று கீரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பழத்தைக் கடித்துச் சாப்பிடச் சொல்லுங்கள், ஜூஸ் போட்டுக் குடிக்கச் சொல்லாதீர்கள்.

"உழவர் சந்தைக் காயில் மருந்து அடிச்சிருக்காதாம்மா?" என்ற கேள்வி நிச்சயம் வரும். அடிக்காமல் இருக்காது என்பதே நேர்மையான பதில். விவசாயியே நேரில் விற்கிறார் என்பதால் அது இயற்கை விளைச்சல் ஆகிவிடாது. சில சந்தைகளில் இயற்கை முறையில் விளைவித்தவர்கள் தனியாக உட்காருவார்கள், அவ்வளவே. ஆனால் விளைவித்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கிற ஒரே இடமும் இதுதான். "கடைசியா மருந்து அடிச்சு எத்தனை நாளாச்சுண்ணே?" என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். மருந்து தெளித்த பின் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்ற கணக்கு ஒவ்வொரு மருந்துக்கும் உண்டு. வாடிக்கையாளர்கள் கேட்கக் கேட்க அந்தக் கணக்கைக் கடைப்பிடிக்கத் தொடங்கிய விவசாயிகளை எனக்குத் தெரியும். தட்டிக் கேட்பதைவிட விசாரித்துக் கேட்பது பலன் தரும். வீட்டுக்கு வந்ததும் ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் மேலே ஒட்டியிருப்பதில் ஒரு பகுதி போய்விடும். பயந்துகொண்டு காயே வாங்காமல் இருப்பதுதான் பெரிய கெடுதல்.

இதுவரை வாங்குகிறவர்களைப் பற்றியே பேசிவிட்டேன். விற்கிறவர்களைப் பற்றி உங்களிடம் பேசத்தான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன் என்றாலும் தவறில்லை.

நீங்கள் வீடு தேடிப் போகிறீர்கள். ஆனால் சந்தைக்கு வரும் விவசாயப் பெண் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, மூட்டை கட்டி, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, விற்று முடித்து வீடு சேர மதியம் ஆகும். பிறகு வயல். நீங்கள் கதவைத் தட்டும்போது பூட்டுத்தான் தொங்கும். உங்கள் நோட்டில் 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதப்பட்ட பெயர்களில் பல, எங்கள் சந்தையின் அடையாள அட்டைகளில் இருக்கின்றன. சுகர் மாத்திரை சாப்பிடும் பெண்களே அந்த வரிசையில் இருக்கிறார்கள். விடியற்காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து, எட்டு மணிவரை ஒரு டீயும் வடையுமாக இருந்து, வியர்த்துக் கொட்டிப் படபடத்துச் சாய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுகர் ஏறினால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரிகிறது, சட்டென்று இறங்கினாலும் ஆபத்து என்பதை அவர்களிடம் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. கழிப்பறை சரியில்லாத சந்தைகளில் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் விற்பனை முடிக்கிறார்கள். அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடுகிறது. நல்ல காயையெல்லாம் தேர்ந்து மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, தாங்கள் பழைய சோற்றுக்குப் பச்சை மிளகாயும் வெங்காயமும் கடித்துக்கொள்கிற வீடுகள் அவை. மற்றவர்களுக்குக் கீரை விற்கும் பெண்ணுக்கு ரத்தசோகை இருப்பது நம் எல்லோருக்கும் தலைகுனிவு.

அதனால் மாதத்துக்கு ஒரு நாளாவது நீங்கள் சந்தைக்கே வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரே இடத்தில், ஒரே காலையில், பூட்டிய கதவு எதுவும் இல்லாமல், பல கிராமத்துப் பெண்களையும் ஆண்களையும் பார்க்கலாம். வாங்க வந்தவர்களும் நின்று பிரஷர் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் ஆரம்பச் சுகாதார நிலைய டாக்டரிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். சந்தையில் நிர்வாக அலுவலர் இருப்பார், அவரிடம் இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் போதும்; நிழலில் ஒரு மேஜையும் நாற்காலிகளும் போட்டுத் தருவார்கள். அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். விலைப் பலகையில் கீழே ஓரிடம் ஒதுக்கி, அன்று மலிவாகவும் சுகர், பிரஷர்காரர்களுக்கு ஏற்றதாகவும் உள்ள ஒரு காயின் பெயரைத் தினமும் எழுதச் சொல்லுங்கள். சாக்பீஸுக்கு ஆகும் செலவுதான். எந்தக் காய் என்பதை நீங்களும் அவரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

வருகிற நாளில் எட்டரை மணி சுமாருக்கு வாருங்கள். அதற்கு முன் வியாபாரம் சூடாக இருக்கும், யாரும் கையை நீட்ட மாட்டார்கள். வந்ததும் முதலில் கீரை வரிசைக்குப் போங்கள். எல்லோருக்கும் முன்னால் விற்றுவிட்டுக் கூடையைக் கவிழ்த்துக் கிளம்புகிறவர்கள் அவர்கள்தான், அவர்களுக்கு ஒன்பது மணிக்குப் பஸ்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உதவி வேளாண்மை அலுவலர் ஒருத்தி,
மதுரை